ரேடியோவின் கையில் சாவி

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக் காலர் தைத்துக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவாள். சூப்பர்வைசர் கத்திவிட்டுத் திரும்பினால் போதும், அவர் குரலிலேயே அவரைத் திட்டி வரிசையையே சிரிக்க வைப்பாள். அந்த மனிதர் வேலையை விட்டுப் போனதும் மேனேஜர் அவளை அழைத்து, சூப்பர்வைசருக்கான நீல நிறக் கோட்டையும் கழிவறைச் சாவியையும் கொடுத்தார்.

முதலில் யார் கேட்டாலும் சாவி கிடைத்தது, கூடவே ஒரு கிண்டலும். மாதக் கடைசியில் அவள் வரிசையில் சட்டைகள் குறைந்தன. மேனேஜர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, அதட்டாமல் பேசினார்.

"நீங்க நல்லவங்கதாம்மா. ஆனா ஆளாளுக்கு எழுந்து எழுந்து போனா வேலை எப்படி ஓடும்? முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வெளியே வந்தவளிடம் ஒருத்தி சாவி கேட்டாள். "அப்புறம் போ" என்றாள். சொன்ன பிறகுதான், அது கிண்டலுக்குப் போட்ட சூப்பர்வைசர் குரல் அல்ல, தன் குரலே என்று உறைத்தது. மறுநாள் அது இன்னும் சுலபமாக வந்தது. சட்டைகள் கூடின. மேனேஜர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக மனம் ஏங்க ஆரம்பித்தது.

வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் குளியலறைக்குள் போனால் கதவைத் தட்டினாள். "இன்னும் என்ன பண்ற உள்ள?"

"இது வீடும்மா," என்றாள் மகள். கணவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

அதே வரிசையில் பொத்தான் தைத்தவள் அவளுடைய தம்பி மனைவி. வேலை போய்விடுமோ என்று, கருவுற்றிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு முற்பகலில் மறுபடி மறுபடி எழுந்து வந்தாள்.

"அண்ணி, முடியல."

"உனக்கு மட்டும் குடுத்தா சொந்தக்காரிக்குச் சலுகைன்னு பேசுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ."

போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் நாற்காலிக்கடியில் தரை நனைந்தது. கண்ணீர் வழிய, தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தாள்.

பக்கத்திலிருந்தவள் தன் மெஷினை நிறுத்தினாள். அடுத்தவளும் நிறுத்தினாள். சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பெண்கள் எழுந்து வந்தார்கள். வெட்டிவைத்த துணியை விரித்துப் பிடித்து அவளைச் சுற்றி மறைத்துக்கொண்டார்கள். ரேடியோ சாவியுடன் நின்றாள்.

மேனேஜர் ஓடிவந்தார். "யார் நிறுத்தச் சொன்னது? பேரைச் சொல்லுங்க!"

முதலில் நிறுத்தியவளின் பெயர் ரேடியோவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எல்லாக் கண்களும் அவள்மேல்.

"நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன்."

சொல்லிவிட்டு, சாவியைத் தம்பி மனைவியின் கையில் வைத்தாள்.

கோட்டு அன்றே பறிபோனது. ஆனால் கழிவறைப் பூட்டைக் கழற்றும்வரை பெண்கள் மெஷினைத் தொடவில்லை. ரேடியோவை யாரும் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை. மறுபடி காலர் தைத்தாள். பேச்சுதான் வரவில்லை. "அவங்க மட்டும் மெஷினை நிறுத்தலைன்னா நான் சாவியைக் குடுத்திருப்பேனா?" என்று வீட்டில் கணவரை நச்சரித்தாள். அவர் "விடு" என்றால், "எப்படி விடறது?" என்பாள்.

குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாதக்கணக்கில் பேசாதிருந்த தம்பி மனைவி கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நீங்க கெட்டவங்கன்னா ஒதுங்கிப் போயிருப்பேன் அண்ணி. நீங்க கெட்டவங்க இல்ல. அதான் பயமா இருக்கு."

"எனக்கும் அதே பயந்தான்மா."

குழந்தை சிணுங்கியது. வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வார்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அது தூங்கிய பிறகும் அவளால் நடையை நிறுத்த முடியவில்லை.