அடிப்பக்கம் தேய்க்கப்பட்ட பிரியன்ஸ் கரடி

சுவிட்சர்லாந்தில் செதுக்கிய ஒரு மரக்கரடிக்கு ஜெர்மனியைச் சொந்த ஊராக எழுதி வைத்தார்கள். அது பிழை என்று காட்ட இருந்த ஒரே எழுத்தையும் அரத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். பிறகு என்னிடமே ஆதாரம் கேட்டார்கள். 1986 ஆகஸ்டில், ஒக்லாந்தில் ஒரு கண்காட்சியில் நடந்தது இது. எனக்கு எண்பது தாண்டிவிட்டது, அந்தத் திகைப்பு மட்டும் போகவில்லை. பழைய மரச்சிற்பங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கரடி வெரேனாவுடையது. நான் நியூசிலாந்துக்கு வந்த புதிதில் லின்ஃபீல்டில் வாடகைக்கு இருந்த வீட்டின் பக்கத்து வீட்டுக்காரர். சுவிட்சர்லாந்தில் பிரியன்ஸ் என்ற ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். அவரிடம் உளி இரவல் வாங்கி, நூலகப் புத்தகங்களைப் பார்த்து, விரலையும் வெட்டிக்கொண்டு நானாகவே செதுக்கப் பழகினேன். அந்தக் கரடியைக் கண்காட்சிக்குக் கொடுங்கள் என்று அவரை மூன்று வாரம் நச்சரித்தவனும் நான்தான்.

வியாழக்கிழமை வெரேனா போன் எடுத்தார். கண்காட்சியில் கரடிக்குப் பக்கத்தில் வைத்த அட்டையில் 'பிளாக் ஃபாரஸ்ட், ஜெர்மனி' என்று போட்டிருக்கிறதாம். "போகட்டும்" என்றார். எனக்குப் போகவில்லை. உடனே கண்காட்சி மண்டபத்துக்குப் போன் போட்டு, "கரடியைத் திருப்பி அடியைப் பாருங்கள், உங்கள் லட்சணம் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை 9.40க்கு, அப்போது நான் இருந்த பாபடோயிட்டோயிலிருந்து புறப்பட்டோம். கார் சூசையுடையது. மன்னார் ஆள், என்னோடு விமான நிலையத்தில் வேலை செய்தவர். மாங்கரே பாலம், ஒனஹங்கா வழியாக மண்டபம் வரை மீட்டரில் 19 கிலோமீட்டர், 35 நிமிடம். பஸ்ஸில் என்றால் நகரத்துக்குள் போய் மாற வேண்டும், அரை நாள் போய்விடும்.

"அண்ணை, கரடி பார்க்க இவ்வளவு தூரம் ஓட வேணுமே? வன்னிக் காட்டுக்குள்ள நிண்டா அதுவே வந்து எங்களைப் பார்க்கும்" என்றார் சூசை.

"ஓம், உம்மைக் கண்டா அதுதான் பயந்து ஓடும். றோட்டைப் பாரும்."

வழி முழுக்க அவருக்கு வரலாறு சொல்லிக்கொண்டு போனேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரியன்ஸில் பஞ்சம். மரம் கடைகிற ஒருவர் சின்னச் சாமான்களில் பூவும் இலையும் செதுக்கி, மலை பார்க்க வந்த வெள்ளைக்காரருக்கு விற்கத் தொடங்கினார். மற்றவர்களும் உளியை எடுத்தார்கள். பிறகு அதற்கென்று பள்ளிக்கூடமே வந்தது. லிண்டன் மரத்தில் வளை உளியால் ரோமம் ரோமமாகக் கீறி, கடுஞ்சாயம் பூசிய கரடிகள் உலகமெல்லாம் போயின. போன இடத்தில் எல்லாரும் அவற்றை ஜெர்மன் காட்டுச் சாமான் என்றார்கள். செய்தவன் ஊரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மண்டபத்தில் நுழைவு இரண்டு டொலர். வாசலிலேயே வெரேனா நின்றார். கரடி பளபளப்பான ஒரு மேசையில் இருந்தது, பக்கத்தில் அதே அட்டை. பொறுப்பாளர் உயரமான மனிதர், சிரித்த முகம். கரடியைத் தூக்கித் திருப்பினேன்.

அடியில் புத்தம்புதிய பச்சைத் துணி ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். உள்ளே மரம் வெள்ளையாக, குழந்தையின் கன்னம் மாதிரி வழுவழுப்பாக இருந்தது. சூசை என்னிடமிருந்து கரடியை வாங்கிக்கொண்டார்.

"நீங்கள்தானே போன் எடுத்தீர்கள்?" என்றார் பொறுப்பாளர். "பார்த்தோம். சொரசொரவென்று இருந்தது, மேசையையும் கீறிவிட்டது. நேற்றே தேய்த்துத் துணி ஒட்டிவிட்டோம்."

"பென்சிலால் எழுதியிருந்ததே?"

"ஏதோ கிறுக்கல் இருந்தது."

"அதுதான் ஊர்ப் பெயர். அட்டையை மாற்றுங்கள்."

"மாற்றலாம். ஆதாரம் ஏதும் இருக்கிறதா?"

சூசை கரடியைத் திரும்ப மேசையில் வைத்தார்.

அந்தக் கிறுக்கலை எழுதியது வெரேனா. கரடியைச் செதுக்கியவர் அவருடைய அப்பா; அவரின் உளி பிடித்த கைக்குப் பென்சில் வராது. ஒவ்வொரு கரடி முடிந்ததும் மகளை மடியில் வைத்துத் தன் பெயரையும் ஊரையும் எழுதச் சொல்வாராம். விற்காமல் வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

"நீங்களே திரும்ப எழுதுங்கோவன், அம்மா" என்று சூசை கேட்க, நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

வெரேனா மாட்டேன் என்று தலையசைத்தார். "அதை எழுதியவளுக்கு ஏழு வயது." கரடியின் முதுகை ஒருதரம் தடவிவிட்டு, தேநீர் வாங்கப் போய்விட்டார்.

அந்த அட்டை கண்காட்சி முடியும்வரை மாறவில்லை. கரடி இப்போது என் வீட்டில். வெரேனா உயிலில் எனக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சந்தையிலோ ஏலத்திலோ இப்படி ஒரு கரடியைக் கண்டால் நீங்கள் அனுமதி கேட்டு அடியைப் பாருங்கள், படம் எடுங்கள், துடைக்காதீர்கள். விற்கிறவர்கள் தெரியாத ஊரைத் தெரியாது என்று எழுதட்டும். அந்தக் கண்காட்சியை நடத்திய குழுவில் யாராவது உயிரோடிருந்தால் 'பிரியன்ஸ், சுவிட்சர்லாந்து' என்று ஓர் அட்டை எழுதி எனக்கு அனுப்ப வேண்டும், இன்னும் காத்திருக்கிறேன். என் மகள், எனக்குப் பிறகு, அந்தப் பச்சைத் துணியை உரிக்கக் கூடாது. நடந்ததற்கு அதுவும் சாட்சி.

நான் செய்ய வேண்டியதும் ஒன்று இருந்தது. அடியைப் பார் என்று அதட்டியவன், அங்கே ஒரு பிள்ளையின் எழுத்து இருக்கிறது, தொடாதே என்று சொல்லாமல் போனை வைத்தவன் நான். அதை நானே எழுதி வைக்க வேண்டும். எழுதிவிட்டேன்.