விசாரித்து வாங்கிய கத்தி

குடும்பத்தில் அவருக்கு 'விசாரணை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடத் துணிந்ததில்லை. வாஷிங் மெஷின் வாங்கினாலும் வாடகைக்கு வீடு பார்த்தாலும், "நான் விசாரிச்சுட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. எங்கே விசாரித்தார், யாரிடம் விசாரித்தார் என்று யாரும் கேட்டதில்லை. மெஷின்கள் எப்படியோ ஓடின, கூரைகளும் பெரிதாக ஒழுகவில்லை. அந்த அதிர்ஷ்டத்தையெல்லாம் அவர் தன் அறிவு என்றே நம்பிவிட்டார்.

மனைவியின் தம்பி சலூன் வைத்திருந்தான். ஒரே நாற்காலி, வேலைக்கும் அவன் ஒருவன்தான். மாமாவைக் கேட்காமல் சீப்புகூட வாங்க மாட்டான். மலையேறும் கூட்டம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தவனுக்கு, எல்லா வேலைக்கும் உதவுகிற மாதிரி, மடங்காத கத்தி ஒன்று தேவைப்பட்டது. மாமாவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

விற்பனைப் பெண் மூன்று கத்திகளை எடுத்து வைத்தாள். இரண்டு சின்னவை, பார்வைக்கு ஒன்றுமில்லாதவை. மூன்றாவதன் முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் திசைகாட்டி. அதைத் திருகித் திறந்தால் உள்ளே தீக்குச்சி, தூண்டில் முள். அவர் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

"சார், அது பாக்கத்தான் அழகு. பிடிக்குள்ள வெறும் பொந்து. கத்தியோட இரும்பு உள்ள கொஞ்சம்தான் போகுது, அழுத்தினா ஒடிஞ்சிடும். இந்தச் சின்னதுல பிடி முடியுற வரைக்கும் ஒரே இரும்பு. கயிறு அறுக்க, சுள்ளி சீவ, பழம் நறுக்க எல்லாத்துக்கும் இது போதும்."

அச்சகத்தில் தாள் வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர் அவர். அவள் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால், ஒரு சின்னப் பெண் சொல்லி நான் கேட்பதா என்ற வீம்பு வந்துவிட்டது. மச்சினன் வேறு எங்கோ ஷூ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, நீ எத்தனை மலை ஏறியிருக்க? நான் தினமும் கத்தியோட புழங்குறவன்."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. பில் போட்டாள். அவருக்கு உள்ளே சுருக்கென்றது, அதையும் விழுங்கிவிட்டார். மச்சினன் வந்ததும், "நான் விசாரிச்சுட்டேன், இதுதான்" என்றார். அவன் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டான்.

மலையில் அடுப்புக்குச் சுள்ளி பிளக்கும்போது கத்தி பிடியோரத்தில் ஒடிந்தது. அழுத்திய வேகத்தில் அவனுடைய வலது கை அலகின் மேலேயே சறுக்கிப் போனது.

கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தவனை அக்கா பிடித்துக்கொண்டாள். "அவர் பாவம், அலைஞ்சு விசாரிச்சு வாங்கிக் கொடுத்தார். உனக்கு ஒழுங்காப் பிடிக்கத் தெரியல. தொழில் செய்யுற கையை இப்படியா பண்ணிக்கிட்டு வருவ?"

"ஆமாக்கா, என் கவனக்குறைவுதான்."

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் திட்டு வாங்குவது நின்றுவிடும். வாயைத் திறந்தார். "உப்பு கொஞ்சம் எடு" என்றார்.

தையல் பிரித்த பிறகு சலூனிலிருந்து அழைப்பு வந்தது. "முதல் தலை உங்களுதுதான் மாமா. கோணலா வந்தாலும் நீங்க வெளிய சொல்ல மாட்டீங்க."

பூட்டிக் கிடந்த கடையின் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. அவன் அவர் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, கத்தரியை எடுத்தான். மோதிர விரல் வளையத்துக்குள் போனது, ஆனால் மடங்கவில்லை. நாலு வெட்டு வெட்டுவதற்குள் கத்தரி தரையில் விழுந்தது. எடுத்தான். மறுபடியும் விழுந்தது.

"சரியாகுமான்னு டாக்டருக்கே சந்தேகமா இருக்கு" என்றான், அதைப் பார்த்தபடியே. "வேற நல்ல டாக்டரா நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்களேன் மாமா."

அவருக்குத் தாங்கவில்லை. "எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுடா. அந்தக் கத்தியைக்கூட நான் விசாரிக்கல. ஒடியும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"ஷூ அலமாரிக்குப் பின்னாடிதானே நின்னேன். அந்தப் பொண்ணு பேசினது எல்லாம் காதுல விழுந்துச்சு."

"அப்புறம் எதுக்குடா வாங்கிக்கிட்ட?"

"அந்தப் பொண்ணு முன்னாடி உங்களை எப்படி மாமா…" குனிந்து கத்தரியை எடுத்துத் துடைத்தான்.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் பேச்சு பொய்த்துவிடக் கூடாது என்பதற்காக ஒருவன் தெரிந்தே அந்தக் கத்தியை வாங்கிப் போயிருக்கிறான், அக்காவிடம் திட்டும் வாங்கியிருக்கிறான். அவரோ அப்போது உப்பு கேட்டார். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கழுத்தில் துணி கட்டியிருந்தது, கைகள் அதற்குள் இருந்தன, எதிரே கண்ணாடி.

கத்தரி மெதுவாக, விட்டு விட்டு, பின்னந்தலையில் ஓடியது. இந்தத் தடவை விழவில்லை.

"கொஞ்சம் நிமிருங்க மாமா, முன்பக்கம் வெட்டணும்" என்றான்.

அவரால் நிமிர முடியவில்லை.