படகுக்கு இரண்டு பக்கம்

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். கடையை மூடிவிட்டார்கள். மனிதர் சும்மா இருப்பாரா? யாரோ வேண்டாமென்று போட்ட ஃபைபர் படகு ஒன்றை வண்டியில் ஏற்றிவந்து வீட்டுக்குப் பின்னால் இறக்கினார். வெயிலில் கிடந்து வெளுத்துப்போன படகு. தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது.

ஏரிப் படகுத்துறை மேலாளர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் படகோடு இவரையும் வேலைக்கு எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் படகும் இவரும் என் தலையில்தான். இரண்டையும் வைத்துக் குடும்பம் நடத்த எனக்குத் தெம்பில்லை.

"நானும் ஒரு பக்கம் தேய்க்கிறேனே" என்றேன்.

"உனக்குக் கை அழுத்தம் ஜாஸ்தி. கீறல் விழுந்துடும். நீ உள்ள போ."

இத்தனை வருஷமாக இந்தக் கை பிசைந்து சுட்ட சப்பாத்தியைத்தான் சாப்பிடுகிறார். அப்போதெல்லாம் அழுத்தம் தெரியவில்லை போலிருக்கிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஜன்னலை விட்டு நகர மனம் வரவில்லை.

சோப்புத் தண்ணீரில் கழுவினார். மெழுகு வெயிலில் இறுகிப் பிடித்துக்கொள்ளுமாம், அதனால் மேலே தார்ப்பாய் கட்டினார். பாலிஷ் பசையைத் துணியில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். வெளுப்பு போய் உள்ளிருந்த நீலம் வெளியே வந்தது. பிறகு மெல்லிசாக மெழுகு பூசி, அது மங்கலாகக் காய்ந்ததும் மெத்தென்ற துணியால் துடைத்தார். அந்தத் துணி என் புதுத் துண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் படகுக்குள் குனிந்துகொண்டிருக்கிறார்.

"உள்ளயுமா?"

"கண்ணாடின்னா ரெண்டு பக்கமும் தொடைக்கணும்."

தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மேலாளர் வந்தார். படகைச் சுற்றிப் பார்த்தார், அதன் பக்கவாட்டில் பளிச்சென்று தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு படகுக்குள் காலை வைத்தார். மறுநொடி பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிடப் போன இவரும் வழுக்கி அவர் எதிரிலேயே விழுந்தார். இரண்டு பேரும் எழுந்திருக்கப் பார்ப்பதும் சறுக்குவதுமாக இருந்தார்கள். வேலை போச்சு என்று நினைத்தேன். அதே நேரம் சிரிப்பும் அடங்கவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"கால் வைக்கிற எடத்துலயா மெழுகு பூசுவாங்க?" என்றார் மேலாளர், உட்கார்ந்தபடியே.

"பழக்கதோஷம் சார்" என்று இவர் தலையைத் தொங்கப் போட்டார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பெல்லாம் போய் அழுகை முட்டியது. பாவம், எவ்வளவு ஆசையாகச் செய்தார்.

மேலாளர் விளிம்பைப் பிடித்து மெல்ல இறங்கினார். "வெளிய பண்ணின மாதிரியே எங்க படகு எல்லாத்துக்கும் பண்ணிடுங்க. நாளைக்கே வந்துடுங்க. இதையும் எடுத்துட்டு வாங்க, ஆனா உள்ள இருக்கிற மெழுகை மொதல்ல எடுத்துடுங்க. பசங்க ஏறுவாங்க."

அவர் தெருமுனை தாண்டும்வரை இவர் அசையவில்லை. பிறகு படகுக்குள் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"சோப்புத்தூளும் பிரஷ்ஷும் எடுத்துட்டு நீயும் வா. நாளைக்குள்ள முடிக்கணும்."

"என் கை அழுத்தம் ஜாஸ்தியாச்சே."

"அதான் கூப்பிடறேன். நல்லா அழுத்தித் தேய்."