முருகனுக்குப் பக்கத்தில் ஒரு வெந்நீர்க் குளம்

1. மதாம் போட்ட சத்தம்

"முசியே, என் படத்தை வெட்டிவிட்டீர்களா?"

மதாம் எலேன் போட்ட சத்தத்தில் பக்கத்துப் புடைவைக் கடைக்காரர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் படங்களுக்குக் காத்ர், அதாவது சட்டம், போட என்னை விட்டால் ஆள் இல்லை என்று பெயர் எடுத்திருந்த காலம் அது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒரு போர்த்துக்கேயரின் பட்டறையில் மரத்தூள் கூட்டத் தொடங்கி, அவர் கையைப் பார்த்தே தொழிலைப் பிடித்துச் சொந்தக் கடை போட்டேன். சட்டத்தின் மூலை பொருத்துவதில் இன்றைக்கும் என்னோடு யாரும் போட்டிக்கு வரட்டும், பார்ப்போம். அப்படிப்பட்ட என்னிடம்தான் அந்தக் கேள்வி.

மதாம் ஒரு சின்ன ஓவியக் கூடம் வைத்திருந்தார். எங்கள் தெருவுக்குத் தோசை சாப்பிட வந்தவர், என் யன்னலில் நின்ற முருகன் படத்தின் மூலைகளைப் பார்த்து மயங்கி உள்ளே வந்தார். அவரிடம் ஜப்பான் படங்கள் ஒரு கட்டு இருந்தது. மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கொரு பலகையாகக் கடதாசியில் ஒற்றி எடுத்தவை. எல்லாமே வெந்நீர் ஊற்று ஊர்கள்: பனி மூடிய கூரை, மர விடுதி, ஆவி பறக்கிற குளம்.

"ஒன்றைச் செய்து காட்டுங்கள். பிடித்தால் மிச்சம் முழுதும் உங்களுக்கு" என்றார்.

அந்த வேலை எனக்கு உயிர். 2009இல் என் கையால் காத்ர் போட்டதெல்லாம் ஊரில் செத்தவர்களின் படங்கள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பிறகு சனம் படங்களைப் போனிலேயே பார்க்கப் பழகிவிட்டது. சாமிப்படங்கள்தான் மிச்சம். இந்த வேலையும் போனால் கடையைப் பூட்டிவிட்டு விமான நிலையத்தில் பெட்டி தூக்கவேண்டியதுதான். விமான நிலையத்துக்குக் கிட்ட, கூசேன்வில்லில் இருக்கிற மச்சான் எனக்காக அந்த வேலையைச் சொல்லியும் வைத்திருந்தான்.

2. யன்னல் வெட்டிய விதம்

மதாம் முதலில் தந்த படத்தில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். உடுப்பு இல்லை. என் மனைவி ரஞ்சினி தூரத்திலேயே கண்டுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இதென்ன கோதாரி? முருகனுக்குப் பக்கத்திலை இதை வைச்சால் சனம் கடைக்குள்ளை கால் வைக்குமே?"

"தொழில் எண்டு வந்தால் எல்லாம் படந்தான்" என்று வாயால் சொன்னேன். ஆனால் அவள் பேச்சு மண்டைக்குள் நின்றது. சாமிப்படக்காரர் போனாலும் கடை போச்சு. மதாம் போனாலும் போச்சு.

பாஸ்பார்த்து என்பது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைக்கிற தடித்த அட்டை. அதில் யன்னல் வெட்டி, அதனூடாகப் படத்தைக் காட்டுவோம். நான் யன்னலைச் சிறிதாக வெட்டினேன். மலை, பனி, கூரை, ஆவி எல்லாம் தெரிந்தன. குளித்தவர்கள் அட்டைக்குக் கீழே போய்விட்டார்கள். யன்னல் விளிம்பைச் சரிவாக வெட்டியதில் மயிரிழை பிசகில்லை. முருகனுக்குப் பக்கத்தில் வைத்தேன். லட்சணமாக இருந்தது.

அதைப் பார்த்துத்தான் மதாம் சத்தம் போட்டது.

3. ரஞ்சினி பார்த்த படம்

நான் பதறவில்லை. பின்பலகையைக் கழற்றி அட்டையைத் தூக்கிக் காட்டினேன். படம் முழுசாக இருந்தது. மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய கடதாசித் துண்டும் மாப்பசையும் வைத்துத் தொங்கவிட்டிருந்தேன். மதாம் மூச்சு விட்டபடி முக்காலியில் இருந்தார்.

"குளிக்கிறவர்களை எட்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை, மதாம்" என்றேன், என் பிரெஞ்சில்.

"அப்படியென்றால் மற்றப் படங்களை வேறொருவரிடம் கொடுக்கிறேன். எதை மறைப்பீர்களோ என்று என்னால் பயந்துகொண்டிருக்க முடியாது."

படத்தைக் கடதாசியில் சுற்றி எடுக்கப் போன மதாமின் கையை ரஞ்சினி வந்து பிடித்தாள். முழுப் படத்தையும் அப்போதுதான் கிட்ட நின்று பார்த்தாள்.

"உந்தக் கிழவியைப் பாருங்கோவன், மற்றவவுக்கு முதுகு தேய்ச்சு விடுறா. ஊரிலை கன்னியா வெந்நீர்க் கிணத்தடியிலை நாங்கள் வாளியாலை அள்ளி ஊத்தின மாதிரியெல்லோ கிடக்கு. இதிலை மறைக்க என்ன இருக்கு?"

"நீதானே கோதாரி எண்டனி?"

"நான் வடிவாப் பாக்கேல்லை. நீங்களும் பாக்கேல்லை, அளவுதான் எடுத்தனீங்கள். மதாமை இருக்கச் சொல்லுங்கோ. தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ளை புது அட்டை வெட்டுங்கோ!"

வெட்டினேன். கிழவி, அவள் தேய்த்த முதுகு, ஓரத்தில் இருந்த ஓவியரின் சிவப்பு முத்திரை, எல்லாம் தெரியும்படி. மதாம் கோப்பையைக் கையில் வைத்தபடியே எழும்பி வந்து பார்த்தார். "என் கூடத்தில் கண்காட்சி வைக்கும் வரைக்கும் இது உங்கள் யன்னலில் நிற்கட்டும். மற்றவற்றைக் கொண்டுவருகிறேன்" என்றார்.

4. திரான்சி அக்கா

மதாம் சம்மதித்தாலும் சனம்? அலுவலகங்கள் துப்புரவு செய்கிற, திரான்சிப் புறநகரில் இருக்கிற அக்கா ஒருவர் பிள்ளையார் படம் வாங்க வந்தார். நான் யன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளி நில்லுங்கோ அண்ணை." இடுப்பைப் பிடித்தபடி படத்தையே பார்த்தார். "ஐயோ, அந்தத் தண்ணிக்குள்ளை ஒருக்கா இறங்கி இருந்தால் என்ரை நாரி நோ பறந்திடும். உது எந்த ஊர்? பிளேன் போகுமே?"

"ஜப்பான், அக்கா."

"பிள்ளையார் சாமியறைக்கு. உதிலை ஒரு கொப்பி எடுத்துத் தாங்கோ, குளியலறைக்கு."

மதாமின் கூடத்தில் அச்சடித்த பிரதி விற்றார்கள். வாங்கிக் காத்ர் போட்டுக் கொடுத்தேன். அவருக்குப் பிறகு அதே வேலை செய்கிற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பெட்டி தூக்குகிற வேலையை மச்சான் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு, அனுபவத்தில் என்னை மிஞ்ச ஆளில்லாத நான் சொல்வது: கத்தியை எடுக்க முதல் படத்தில் இருக்கிற ஆட்களை நின்று பாருங்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விளங்கிய பிறகு அளவு எடுங்கள். அட்டையை எத்தனை தரமும் புதிதாக வெட்டலாம்.