அம்மா வாசித்த கரடி

எங்கள் வீட்டில் இருந்த ஒரேயொரு படக்கதைப் புத்தகத்தை விரித்தால் முதலில் வருவது கூனி இறால் வாசம்தான். இடம்பெயர்ந்து இருந்துவிட்டுக் கொக்கிளாய்க்குத் திரும்பி வந்த புதிதில், தகரக் கூரைக்குக் கீழே எங்களுக்கு அலுமாரி என்று இருந்தது மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் அடையாள அட்டைகளும் மாதா படமும் காயவைத்த கூனியும் நிவாரணப் பொதியோடு யாரோ தந்த அந்தப் புத்தகமும் ஒன்றாகக் குடியிருந்தன. இன்றைக்கும் வழுவழுத்த தாளில் அச்சிட்ட சிறுவர் புத்தகம் எதையாவது கையில் எடுத்தால் என் மூக்கு முதலில் கூனியைத் தேடும். அது கிடைக்காத புத்தகத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை குறைவு, என்ன செய்வது.

புத்தகத்தில் ஒரு கரடி. அது தன் தலையில் ஒரு கதிரையைச் சுமந்துகொண்டு பக்கத்துக்குப் பக்கம் நடக்கும். அப்பா களப்பிலிருந்து கொண்டுவந்த இறாலை உரித்துக் கொடுத்துக் கை கழுவிய பிறகு, பின்னேர வெயிலில் அம்மா அதை எனக்கு வாசிப்பார். "எங்கட காட்டுக் கரடிதான் இது. வெளிக்கிடச் சொல்லிப் போட்டாங்கள். சட்டி பானையை அதின்ர மனிசி தூக்கிட்டுது, குட்டியள் பாயைத் தூக்கிட்டுதுகள், மிஞ்சினது கதிரை." பிறகு கரடி எங்கே கதிரையை வைத்து அதில் குந்தினாலும் யாராவது வந்து, "இது எங்கட இடம், எழும்பு" என்பார்கள். நரியும் சொல்லும், குரங்கும் சொல்லும், ஒருநாள் அம்மாவுக்குக் கோபம் என்றால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து சொல்லிவிட்டுப் போவார். கடைசிப் பக்கத்தில் மூடிய கதவு ஒன்றுக்கு முன்னால் கரடி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். "வீடு வந்திட்டுதோ அம்மா?" என்று நான் கேட்பேன். "இன்னும் வரேல்லை. இது வேறை ஆரின்ரையோ வீடு. நாளைக்கு வரும்." அடுத்த நாளும் அது வராது.

பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கதிரை என்றால் "கானா" முன்னுக்கு இருக்க வேண்டும், புத்தகத்தில் அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒரு கணமும் தடுமாறவில்லை. "கானா உள்ளுக்கை எங்கையாவது கிடக்கும், வடிவாப் பார்." பார்த்தேன். நா, ற், அதற்குப் பிறகு உண்மையிலேயே ஒரு கா இருந்தது. எங்கள் ஊரில் கதிரை என்கிற சாமான் கடல்கடந்து வந்த புத்தகத்தில் நாற்காலியாக இருந்ததும், அந்த நாற்காலிக்குள் அம்மாவைக் காப்பாற்ற ஒரு கா இருந்ததும் எந்தப் புனிதரின் வேலையோ தெரியாது. எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

இரண்டாம் வகுப்பில் வாசிப்பு மாதம் வந்தபோது, யாராவது ஒரு பிள்ளையின் அம்மா வந்து வகுப்புக்குக் கதை வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். நான் கையை உயர்த்தியதோடு விடாமல் எழும்பியும் நின்றேன். "என்ர அம்மா பார்க்காமலே வாசிப்பா, டீச்சர்." அதில் பொய் ஒன்றும் இல்லை, படம் எனக்குத் தெரிய வேண்டும் என்று அவர் எப்போதும் புத்தகத்தின் முகத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் வாசிப்பார். அவ்வளவு கெட்டிக்காரி என்பதுதான் என் எண்ணம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவின் கை இறாலில் நின்றுவிட்டது. "ஆரைக் கேட்டு ஓமெண்டு சொன்னனி?" கேட்டுவிட்டு அடுத்த இறாலை எடுத்தார். டீச்சரிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், களப்பில் வேலை என்று சொல்லியிருக்கலாம். அன்று ஏன் வந்தீர்கள் என்று பெரியவளான பிறகு கேட்டேன். "பிள்ளை எழும்பி நிண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கு, நான் எப்பிடி வராமல் விடுறது" என்றார்.

கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையில் வந்தார். டீச்சர் கதிரையைப் போட்டுக் கொடுத்தார். அம்மா புத்தகத்தைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பிப் பிடித்தார், கரடி வெளிக்கிட்டது. குரங்கு "எழும்பு" என்ற இடத்தில் வகுப்பே சேர்ந்து "எழும்பு" என்றது. எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. முன்வரிசையில் செல்வி இருந்தாள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம் அவர்களுடையது, அவள் வீட்டில் கதிரையை நாற்காலி என்றுதான் சொல்வார்கள். ஆகவே அவளுக்கு அந்தச் சொல் பார்த்தவுடன் பிடிபட்டுவிட்டது.

"அதுல கதிரைன்னு இல்ல, நாற்காலின்னு போட்டிருக்கு" என்றாள். எட்டிப் பார்த்துவிட்டு, "மனிசியும் இல்ல. குரங்கு ஒண்ணுமே சொல்லல" என்றாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் நான் முதல் தடவையாகப் புத்தகத்தின் வரிகளை முழுதாக அம்மாவின் குரலோடு வைத்துப் பார்த்தேன். "கரடி நாற்காலியைத் தூக்கியது. கரடி நடந்தது." அவ்வளவுதான் இருந்தது. டீச்சர் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட வேண்டும், அம்மாவை இந்த இடத்திலிருந்து யாராவது வெளியில் கொண்டுபோய்விட வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன்.

அம்மா புத்தகத்தை மடியில் வைத்தார். "எனக்கு எழுத்துத் தெரியாது பிள்ளை" என்று செல்வியைப் பார்த்துத்தான் சொன்னார், என்னையோ டீச்சரையோ பார்க்கவில்லை. "பள்ளிக்கூடம் போற வயசிலை நாங்கள் ஊர் ஊரா ஓடித் திரிஞ்சனாங்கள். படத்தைப் பார்த்துத்தான் சொன்னனான்." பிறகு கடைசிப் பக்கத்தை விரித்து அவளிடம் நீட்டினார். "இதிலை என்ன எழுதிக் கிடக்கு எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

செல்வி விரல் வைத்து வாசித்தாள். "கரடி தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது."

அம்மா அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக் கன நேரம் பார்த்தார். "வந்து சேர்ந்திட்டுதெண்டே எழுதியிருக்கினம்?" என்று கேட்டார். "நான் இவ்வளவு நாளும் அதை வெளியிலை எல்லோ நிப்பாட்டி வைச்சிருந்தனான்."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். செல்விதான், "குரங்கு சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். அம்மா சொன்னார். அன்று மணி அடித்த பிறகும் சொன்னார்.

அதற்கு அடுத்த கிழமை அவர் என் பாடப்புத்தகத்தோடு ஆனா ஆவன்னாவில் தொடங்கினார். வெட்கத்தில் தொடங்கியதாக ஊரில் கதைத்தார்கள். அம்மா சொன்ன காரணம் வேறு: "வேறை என்னென்னத்தை எழுதி வைச்சிருக்கினமோ ஆருக்குத் தெரியும். பார்க்க வேணும்." பேருந்துப் பலகை, சீமெந்துப் பை, கல்லறைக் கல் என்று ஒன்றும் அவரிடம் தப்பவில்லை. இறால் உரித்துக்கொண்டே சுவரில் ஒட்டிய பழைய பேப்பரை எழுத்துக் கூட்டுவார். எனக்கு அப்போது வந்த சந்தோசத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நான் ஒரு சின்ன வாசிகசாலையில் சிறுவர் பகுதியைப் பார்க்கிறேன். என்ன புத்தகம் வாங்குவது என்று பலரும் கேட்கிறார்கள், என்னிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. கடைசிப் பக்கத்தில் நீதி எழுதிவைக்கிற படப்புத்தகங்களுக்கு என் அலுமாரியில் கீழ்த்தட்டுத்தான். படத்தில் யானை அழுகிறது, கீழே "யானை அழுதது" என்று எழுத்து, பிறகு பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? இளையோர் நாவல்கள் என்று வருகிறவற்றை நான் முழுக்க வாசித்த பிறகே கொடுப்பேன், அதிலும் எனக்கு முன்னால் அம்மா வாசித்துவிடுவார். அவருக்கு அந்த நாவல்கள் என்றால் உயிர். தனக்கு வராமலே போன வயதை இப்போது வாசித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன், அவரிடம் சொன்னால் ஏச்சு விழும்.

"பதினஞ்சு வயசுப் பெட்டை இப்பிடிக் கிழவி மாதிரிப் புத்தி சொல்லுவாளோ?" என்று ஒன்றைத் திருப்பித் தந்தார். இடம்பெயர்வைப் பற்றிய இன்னொன்றை, எல்லோரும் புகழ்ந்ததை, பாதியில் மூடிவிட்டார். "எங்களுக்கு அந்த வயசிலை பசியும் வந்தது, கண்ணாடி பார்க்கிற ஆசையும் வந்தது. ரெண்டும் ஒண்டாத்தான் வந்தது. இவையள் பசியை மட்டும் எழுதியிருக்கினம்." அதைவிட நல்ல விமர்சனம் அந்த நாவலுக்கு நான் எங்கும் காணவில்லை. அழுகிற முடிவு பிள்ளைகளுக்கு ஆகாது என்று அவர் சொல்வதில் மட்டும் எங்களுக்குள் சண்டை, அது தீராது.

போன மாதம் வாசிகசாலைக்கு எழுத்தே இல்லாத ஒரு படப்புத்தகம் வந்தது. முழுக்கப் படம், ஒரு ஆடு மழைக்குள் வீதியைக் கடந்து எங்கோ போகிறது. கண்டவுடன் எனக்கு அம்மாவின் நினைவுதான். கிளிநொச்சிக் கடையில் கேட்டு எனக்கென்று ஒன்று வாங்கி, முதல் வேலையாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். சமையல் முடிந்த குசினி வாசலில் அம்மா, வெளிச்சம் விழுகிற பக்கம் கதிரையைப் போட்டு, மூக்குக்கண்ணாடியோடு ஒரு தடித்த நாவலில் இருந்தார். வாசிக்கும்போது அவருடைய உதடு இப்போது அசைவதில்லை.

"அம்மா, இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ" என்றேன்.

வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மெதுவாகப் புரட்டினார். திரும்பவும் முன்னுக்கு வந்து புரட்டினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"இதிலை ஒண்டும் எழுதேல்லையே பிள்ளை" என்றார். "அச்சடிக்க மறந்திட்டாங்கள் போலை. கடையிலை குடுத்து மாத்து."

"எழுத்து வேண்டாம் அம்மா. முந்தி சொன்ன மாதிரி, படத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. இந்த ஆடு எங்க போகுது?"

அம்மா ஆட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எழுதாததை நான் எப்பிடிச் சொல்லுறது" என்று புத்தகத்தை என் கையில் தந்துவிட்டு, மடியிலிருந்த நாவலை விட்ட இடத்தில் விரித்தார். நான் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"கதையாதை பிள்ளை," என்றார், "வாசிக்கிறன்."