முகூர்த்த நாள் பொட்டு

அப்பா இறந்துபோன பிறகு அம்மா பார்த்த வேலைகள் எல்லாமே அரை நேர வேலைகள். முழு நேர வேலை என்றால் இருட்டின பிறகுதான் வீடு திரும்ப முடியும். நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்தால் கதவைத் திறக்க ஆள் வேண்டும். அதனால் அம்மா தன் நாளைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் ஒவ்வோர் இடத்தில் விற்றாள். பீளமேட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அம்மா பார்க்கிற வேலைகளில் எது நல்ல வேலை, எது ஆகாத வேலை என்று என்னிடம் எப்போதும் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பருப்பும் சர்க்கரையும் எடை போட்டுக் கவரில் அடைக்கிற வேலை. காலையில் போனால் மத்தியானம் வந்துவிடலாம். உடைந்த பிஸ்கட் பாக்கெட்டுகளை வேலை செய்கிறவர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள் என்பதால் என் தீர்ப்பில் அது உசத்தியான வேலை. ஆனால் அங்கே உட்காரக் கூடாது. ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. அம்மா வந்ததும் வராததுமாகத் தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். பாதங்கள் பணியாரம் மாதிரி உப்பியிருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருப்பேன்.

அடுத்தது, ஐடி கம்பெனிப் பையன்கள் நாலு பேர் தங்கியிருந்த ஃபிளாட்டில் சாயங்காலச் சமையல். தங்கமான பையன்கள். சம்பளம் சொன்ன தேதிக்கு வந்துவிடும். அம்மா சமைக்கும் நேரத்தில் என்னைத் தங்கள் கம்ப்யூட்டரில் கார் ஓட்டவிடுவார்கள். எனக்கு அந்த வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் ஊரில் பெரியப்பாவுக்கு எப்படியோ மூக்கு வியர்த்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

“கலியாணமாகாத பசங்க இருக்கற ஊட்டுக்கு நம்மூட்டுப் பொம்பளை சமைக்கப் போறது நல்லாவா இருக்குது, நீயே சொல்லு அம்மணி. தோட்டத்துச் சாளை சும்மாதான் கெடக்குது. புள்ளையக் கூட்டிட்டு வந்து இருந்துக்க. ஒரு வாய்ச் சோத்துக்கா பஞ்சம்?”

தோட்டத்து வீட்டைத்தான் எங்கள் பக்கம் சாளை என்போம். பெரியப்பா கெட்டவர் இல்லை, மனசாரத்தான் கூப்பிட்டார். ஆனால் அங்கே போனால் ஒரு சோப்பு வாங்கக்கூடப் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். என் படிப்பு ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோகும். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அம்மா சமையற்கட்டை விட்டு வெளியே வர முடியாது. அம்மா அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சமையல் வேலையை மட்டும் விட்டாள்.

பிறகு புடவைகளுக்கு ஃபால்ஸ் அடிக்கிற வேலையைப் பிடித்தாள். வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை, யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. ஆனால் கண் எரியும், கூலிக்குப் பேரம் பேசுவார்கள். யார் வீட்டுப் பட்டுப் புடவையோ விரித்துக் கிடக்கும்போது நான் எண்ணெய்க் கையோடு நடமாடக் கூடாது, ஓடக் கூடாது, தும்மக்கூட யோசிக்க வேண்டும். அதனால் அது என் தீர்ப்பில் உருப்படாத வேலை. ஆனால் நல்ல வேலை வந்தது அதன் வழியாகத்தான். புடவை கொடுத்துவிட்டுப் போக வந்த பியூட்டி பார்லர்க்காரம்மா, அம்மா மடிப்பு எடுக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றார். கல்யாணப் பெண்களுக்குப் புடவை கட்டிவிட வருகிறீர்களா என்று கேட்டார்.

முதல் நாள் சாயங்காலமே பட்டுப் புடவைக்குக் கொசுவம் எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வைக்க வேண்டும். முகூர்த்த நாளன்று விடிவதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய்ப் பெண்ணுக்குக் கட்டிவிட வேண்டும். அம்மா கட்டிவிட்ட புடவை, பெண் மணவறையில் எத்தனை நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் ஒரு மடிப்பு நலுங்காது. கூலியும் நல்ல கூலி. ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது என்பதுதான் குறை. அந்த வைகாசி மாதத்துக் கல்யாணங்கள் குறையில்லாமல் நடந்தால், தினமும் அரை நாள் பார்லரிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக அந்தம்மா சொல்லியிருந்தார். இது அமையாவிட்டால் சாளைக்கே போய்விடுவது என்று அம்மா மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். என்னிடமும் ஒரு நாள் சொன்னாள்.

அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பார்லர்க்காரம்மா அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா. பொண்ணு ரூமுக்குள்ள போறப்ப பொட்டும் பூவும் வெச்சுட்டுத்தான் போகோணுங்க. நாளைக்கு அவங்க ஏதாச்சும் கேட்டாங்கன்னா என்னால பதில் சொல்ல முடியாதுங்க.”

அம்மா அன்று பூராவும் புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் ஒரு பொட்டு அட்டை வாங்கி வந்தாள். லைன் வீட்டுக்காரர்கள் பார்க்காமல், மண்டபத்துக் குளியலறையில் போய்ப் பொட்டும் பூவும் வைத்துக்கொள்வாள். திரும்பும்போது பஸ் ஏறுவதற்கு முன் பொட்டை எடுத்து ஊசி டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவாள். பூவை என் தலையில் வைத்துவிடுவாள். பொட்டு வைத்த அம்மா, அப்பா இருந்தபோது இருந்த மாதிரியே இருப்பாள். கூடவே எனக்கு ஒரு முழம் மல்லிகை. இதைவிட நல்ல வேலை உலகத்தில் இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்பினேன்.

அந்த வைகாசியில் ஒரு கல்யாணம் அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா என்னையும் கூட்டிப் போயிருந்தாள். நான் ஊசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பெண்ணின் தோளில் முந்தானை மடிப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை உதட்டில் கடித்திருந்தாள். அப்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து கூறைப்புடவைத் தட்டோடு பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். தட்டை ஏந்தி முன்னால் வந்தது எங்கள் அத்தை.

அத்தை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மூத்தவள். சென்னிமலைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். அவள் ஒரு அருமைக்காரி. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்களை முன்னின்று செய்கிற உரிமை எல்லாருக்கும் கிடையாது. கணவனோடும் பிள்ளைகளோடும் நிறைவாக வாழ்ந்து, அதற்கென்று முறைப்படி உரிமை பெற்றவர்கள்தான் செய்யலாம். மணமக்களை எந்தத் தீட்டும் குறையும் அண்டாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. அத்தை அதை விளையாட்டாகச் செய்கிறவள் இல்லை. சீருக்குப் போக வேண்டும் என்றால் முந்தின நாளே கவுச்சி தொடமாட்டாள். அப்பாவின் காரியத்தன்று அம்மாவின் நெற்றியைத் துடைத்துவிட்டதும் அவள்தான்.

இதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் எங்கே ஞாபகம் வரப்போகிறது? வரும்போதெல்லாம் கடலை உருண்டை கொண்டுவருகிற அத்தையாயிற்றே. எழுந்து ஓடினேன்.

“அத்தை!”

அம்மாவின் கை பெண்ணின் தோளில் அப்படியே நின்றுவிட்டது. அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள், தலையில் இருந்த பூவைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. மறுபடி என்னிடம் திரும்பினாள்.

“யாரு கண்ணு நீ?”

நான் திகைத்துப் போனேன். “நானுங்க அத்தை, பீளமேட்டுல…” என்று ஆரம்பித்தேன். தட்டில் இருந்த கற்கண்டில் பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்து அத்தை என் வாயில் போட்டாள். வாய் நிறைந்துவிட்டது.

“சீலை கட்டற அம்மாகூட வந்தயாக்கும். செரி, அந்த ஓரமா உக்காந்துக்க சாமி.”

பெண்ணின் பெரியம்மா ஒருவர் அங்கே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் புது ஆள் ஒருவரைப் பார்த்தால் ஊரும் உறவும் விசாரிக்காமல் விடமாட்டார்கள். அவரும் விசாரித்தார்.

“ஏனுங்க, உங்களுக்கு எந்தூருங்க? ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க?”

அம்மா உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லா மண்டபத்திலும் சொல்கிற பதில்தான். “பீளமேடுங்க. அவரு… பம்பு கம்பெனிங்க.”

“பீளமேட்டுல நம்ம ஆளுக நெறைய இருக்கறாங்களே. ஏனுங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களாட்ட இருக்குதுங்களா?” என்று அவர் அத்தையைக் கேட்டார்.

அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா அந்த அறையிலிருந்து மட்டுமல்ல, இனி எந்த மண்டபத்து வாசலுக்கும் வர முடியாது. பார்லர்க்காரம்மாவின் பேரும் கெட்டுப் போகும். அம்மா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டவுனுக்குள்ள யாரு யாருன்னு நமக்கு என்னங்க தெரியும்” என்றாள் அத்தை. கூறைப்புடவையை எடுத்து அம்மாவின் இரண்டு கைகளிலும் வைத்தாள். “இந்தாங்க அம்மணி. நேரமாச்சு, கட்டி உடுங்க.”

வீட்டில் அம்மாவை வா, போ என்றுதான் பேசுவாள். அன்று முழுக்க வாங்க, போங்க.

அம்மா கட்டி முடிக்கிற வரைக்கும் அத்தை பக்கத்திலேயே நின்றாள். பெண் நல்ல பெண். தயாரானதும் அறையில் இருந்த பெரியவர்கள் காலில் விழுந்தாள். வரிசையில் அம்மாவின் காலையும் தொடக் குனிந்தாள். அம்மா பதறிப்போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். யாராவது ஒருவருக்கு அப்போது சந்தேகம் வந்திருக்கலாம். வருவதற்குள் அத்தை சொன்னாள்:

“நல்லா இருன்னு சொல்லுங்க அம்மணி. புள்ள காத்துட்டிருக்குதல்ல.”

“நல்லா இரு சாமி” என்றாள் அம்மா. அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா பொட்டை எடுக்கக்கூட மறந்துவிட்டாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டே வந்தாள். எனக்கு அத்தை மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெரிய மண்டபம், பெரிய இடத்துக் கல்யாணம், அதனால் எங்களைத் தெரியாது என்று சொல்லிவிட்டாள், அதற்குத்தான் அம்மா அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

“அத்தைக்கு நம்மளத் தெரியலையாம்மா?”

“தெரியும் கண்ணு.”

“அப்பறம் ஏன் யாருன்னு கேட்டாங்க?”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “அத்தை மேல கோவப்படக் கூடாது. இத ஊர்ல யார்கிட்டயும் சொல்லிப்போடாத” என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கோபத்தை நான் விடவில்லை. அடுத்த முறை வந்தபோது அத்தை நீட்டிய கடலை உருண்டையைத் தொடவே மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

வைகாசி குறையில்லாமல் முடிந்தது. பார்லர்க்காரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அம்மா மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக விட்டாள். பெரியப்பாவும் சாளைப் பேச்சை விட்டுவிட்டார். அவர் வந்திருந்த ஒரு நாள், பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அக்கா, அதாவது எங்கள் அத்தை, இனிமேல் எந்தச் சீருக்கும் வருவதில்லை என்று சொல்லிவிட்டதாம். எத்தனையோ பேர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்களாம். மூட்டு வலி, உட்கார்ந்து எழ முடியவில்லை என்கிறதாம். வைகாசியில் அந்த அவிநாசி ரோட்டுக் கல்யாணத்துக்குப் போனதோடு சரியாம். அம்மா கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நன்றாக வேண்டும் என்று நான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் முழுப்பரீட்சை லீவுக்கு அம்மா என்னை அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கிருத்திகை நாள். மூன்று பேரும் சென்னிமலைக் கோயிலுக்குக் கிளம்பினோம். மேலே போக பஸ் நின்றுகொண்டிருந்தது. அத்தை அதில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். ஒவ்வொரு படிக்கும் முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு, நாலு படி ஏறி நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறினாள். மாசா மாசம் இப்படித்தான் வருகிறாளாம். மூட்டு வலி நிஜம்தான் போலிருக்கிறது என்று எனக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது.

சன்னிதியில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டார்கள். அத்தை ஒரு ஆண் பேரும் ஒரு பெண் பேரும் சொன்னாள். எங்கள் வீட்டில் அந்தப் பேர்களில் யாரும் கிடையாது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வெளியே வந்து உட்கார்ந்ததும், அத்தையோடு பேசக் கூடாது என்று வைத்திருந்த விரதத்தை மறந்து நான் கேட்டுவிட்டேன்.

“அவங்க யாருங்க அத்தை?”

அத்தை என் நெற்றியில் திருநீறு பூசினாள். “போன வைகாசில அவிநாசி ரோட்டு மண்டபத்துல கலியாணம் ஆனவங்க கண்ணு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாம நல்லா இருக்கோணுமல்ல.”

கல்யாணம் ஆனவர்கள் நன்றாகத்தானே இருக்கப் போகிறார்கள், அதற்கு வலிக்கிற காலோடு எதற்காக இத்தனை படி ஏற வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.