மோட்டார் இல்லாத போர் எதுக்கு சார்?

சென்ற வாரம் பாபநாசத்து வீட்டை விற்றோம். ஒரே வரியில் சொல்லிவிட்டேன்... நடந்த கூத்து இருக்கிறதே!

பிள்ளைகள் வெளியூரில். எங்கள் இரண்டு பேருக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று தஞ்சாவூரில் ஒரு ஃபிளாட் பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். இந்த வீட்டை வாங்க வந்தவர்கள் நன்னிலத்துக்காரர்கள். குமரேசன் சொந்த நிலத்தில் விவசாயம். மனைவி கலைச்செல்வி, எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருக்கும் டீச்சர்.

விலை பேசி முடித்த அன்று குமரேசன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சாமானெல்லாம் எப்படிங்க சார்?"

என் கணவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹால் ஏசி... எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் போறோம். வச்சுக்குங்க!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. கறிவேப்பிலை கேட்டால்கூட எண்ணிக் கிள்ளிக் கொடுக்கிற மனிதராயிற்றே!

அப்புறம்தான் புரிந்தது. அந்த ஃபிரிட்ஜின் கதவு கயிறு கட்டினால்தான் மூடும். வாஷிங் மெஷின் துணி பிழியும்போது தானாக நடந்து சமையலறை வாசலுக்கு வந்துவிடும். ஹால் ஏசியில் காற்று வராது — தண்ணீர் வரும். பெட்ரூமில் இருக்கும் புது ஏசி? இன்வெர்ட்டர்? அதெல்லாம் எங்களோடு வருகிறதாம்.

"ஏங்க, ஓட்டை உடைசலை எல்லாம் அவங்க தலையில கட்டுறீங்களே, நியாயமா?"

"சும்மா குடுக்குறதுக்கு இவ்வளவு கேள்வியா?"

அதோடு நின்றாரா? ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து, போருக்குள் இருக்கும் தண்ணீர் மோட்டாரை மேலே தூக்கச் சொல்லிவிட்டார். போன வருஷம்தான் புதிதாகப் போட்டதாம், விட்டுப்போக மனசு வரவில்லையாம்.

"நாம போற நாலாவது மாடி ஃபிளாட்டுல எங்கங்க போர் இருக்கு?"

"நீ சும்மா இரு. எதுக்காவது ஆகும்."

பாதிக் குழாய் மேலே வந்த நேரம்... ஜன்னல் திரைக்கு அளவெடுக்க அந்தத் தம்பதி வந்து நின்றார்கள்.

குமரேசன் குழாயைப் பார்த்தார். "மோட்டார் ரிப்பேருங்களா சார்?"

"அது வந்து... அது வீட்டோட சேராது. தனி ஐட்டம்."

"மோட்டார் இல்லாத போர் எதுக்கு சார் எங்களுக்கு? வெறும் ஓட்டையா?"

டீச்சர் நேராக உள்ளே போனார். வாஷிங் மெஷினைப் போட்டுப் பார்த்தார். அது தன் வழக்கப்படி வாசல் வரை நடந்து வந்து வரவேற்றது. ஃபிரிட்ஜின் கயிற்றை அவிழ்த்தார். ஏசியின் கீழே வைத்திருந்த வாளியையும் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சார், மோட்டார் உள்ள எறங்கணும். இந்த மூணும் வெளிய போகணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, நாங்க குடுத்த அட்வான்ஸை வாங்கிக்கிட்டு வேற வீடு பாத்துக்குறோம்."

குரலை உயர்த்தவே இல்லை. இந்த வீடு விற்றால்தானே அந்த ஃபிளாட்? அதைவிட, நல்ல மனிதர்கள் என்று எங்களை நம்பி வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இவரோ தென்னை மரத்தில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டாரை எறக்கிடுங்க தம்பி" என்றேன் மெக்கானிக்கிடம். "டீச்சர், பெட்ரூம்ல இருக்கிற புது ஏசியும் உங்களுக்குத்தான்."

இவருடைய பார்வை தென்னையிலிருந்து சட்டென்று இறங்கியது. இறங்கி என்ன செய்ய?

மறுநாள் பழைய சாமான்காரர் வந்து மூன்றையும் அள்ளிப் போனார். பத்திரப்பதிவும் நல்லபடியாக முடிந்தது.

நேற்று தஞ்சாவூர் ஃபிளாட்டைத் திறந்தோம். சமையலறையில் யாரோ விட்டுப்போன ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஒரு கிரைண்டர். விற்றவர் போனில் உருகினார்: "எல்லாம் உங்களுக்காகத்தான் சார் விட்டுட்டு வந்தோம்!"

என் கணவர் ஆசையாக ஃபிரிட்ஜைத் திறந்தார்.

கதவு கையோடு வந்துவிட்டது.